பெயின்ட்ட பாக்காதீங்க, ஒட்டப் பாருங்க

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வெளியாகும் நாட்களில் என்னிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "சேர், பிள்ள பாஸ் பண்ணிட்டான். பாஸ் பண்ணினா சைக்கிள்னு வாக்குக் குடுத்துட்டேன். எத வாங்குறது?" கேட்பவர்களில் பாதிப்பேர் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அப்போதைய அந்தக் கணக்கில் மாதம் முழுக்க வேலை கிடைத்துப் பேர் விழுந்தாலும் ஓரளவு நல்ல சைக்கிள் ஒன்றுக்கு இரண்டு மாத உழைப்பு போய்விட்டது. கொழுந்துக் கூடையைச் சுமந்து சேர்த்த காசு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் "ஏதாவது பார்த்து வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

சரியான பதில் சொல்ல அரை மணி நேரம் வேண்டும். பஸ் தரிப்பிடத்தில் நின்று அரை மணி நேரம் பேச முடியாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நம்முடைய மண்ணைப் பற்றி. சைக்கிளைப் பற்றி நாம் கேள்விப்படுவதெல்லாம் சமதரைக்காரர்கள் சொன்னது. யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில் அங்கே ஒரு சமூகமே சைக்கிளில் ஓடியது. நோயாளியும் சைக்கிளில், விறகும் சைக்கிளில், குடும்பமும் சைக்கிளில். மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சைக்கிளின் அருமை அவர்களைவிட யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்களுடைய கேள்வி வேறு: எது இலேசாக உருளும், எது பாரம் தாங்கும்? நமக்கு அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. எது நிற்கும்?

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கினிகத்தேனை பக்கமாக ஏ7 பாதையில் இறங்கினால் வட்டவளை ஏறக்குறைய 250 மீற்றர் கீழே. அங்கே வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் அதுவும் ஒன்று. தார்ப் பாதையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் கருங்கல் பாவிய பாதை, ஒவ்வொரு கல்லும் ஒரு பக்கம் எழும்பி நிற்கும். இறக்கம், மழை, கல். கடையில் நிற்கும் எந்தச் சைக்கிளையும் இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

இதை நான் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வரவில்லை. 2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்த நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோல் ஷெட்டில் மூன்று நாள் வரிசை. பஸ் இல்லை. பாடசாலைகள் மூடித் திறந்து மூடித் திறந்து நடந்தன. வட்டவளைப் பக்கம் இருக்கும் என் பாடசாலைக்குப் போக ஒரு சைக்கிள் வாங்கினேன். அந்த மாதங்களில் நாடு முழுக்கச் சைக்கிளுக்கு அடிபிடி. கடையில் எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: முன்னும் பின்னும் ஸ்பிரிங், 21 கியர், கறுப்பில் சிவப்புக் கோடு. கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை. அதே மாதிரி பத்துக் கம்பெனிகள் செய்கின்றன, பெயர் சொல்லி ஒருவருக்கும் பயனில்லை.

நான்கு மாதம் ஓடியது. முதலில் பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக் கம்பி உடைந்தது, அடுத்த வாரம் இன்னும் இரண்டு. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பீலித் தண்ணீரில் கழுவும்போது, பெடல் அச்சு உட்கார்ந்திருக்கும் கூட்டுக்குப் பக்கத்தில், ஒட்டு ஓரமாக மயிரிழை போல ஒரு செங்கோடு தெரிந்தது. சேறு என்று நினைத்து விரலால் தேய்த்தேன். போகவில்லை. நகத்தை வைத்துப் பார்த்தபோது நகம் உள்ளே இறங்கியது. பெயின்ட்டுக்குக் கீழே இரும்பு வெடித்து, வெடிப்பிலிருந்து துரு கசிந்துகொண்டிருந்தது. முதல் நாள் மாலைகூட அந்தச் சைக்கிளில்தான் மழையில் வந்திருந்தேன்.

அதைத் தள்ளிக்கொண்டு ஹட்டனில் சைக்கிள் திருத்தும் பாஸிடம் போனேன். அறுபது வயது தாண்டியவர். நாங்கள் எல்லோரும் பாஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கவிழ்த்து வைத்தார். வெடிப்பை ஒரு பார்வைதான் பார்த்தார். பிறகு மற்ற ஒட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனார்.

"தம்பி, வாங்கும்போது என்னத்தப் பாத்தீங்க?"

"கியர், ஸ்பிரிங்கு..."

"பெயின்ட்ட பாத்திருக்கீங்க. ஒட்டப் பாக்கல."

அதற்குப் பிறகு மாலையில் பாடசாலை விட்டு வரும்போதெல்லாம் அந்தக் கடையில் ஒரு மணி நேரம் உட்காருவது பழக்கமானது. கீழே எழுதுவதில் பெரும்பகுதி அந்தப் பலகையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. மிச்சம் நானே தேடிப் படித்தது.

ஃபிரேமில் குழாய் நடுவில் உடைவது அபூர்வம். உடைவது குழாயும் குழாயும் சந்திக்கும் இடத்தில்தான். அதனால்தான் நல்ல குழாய் செய்பவர்கள் குழாயின் இரண்டு முனையையும் தடிப்பாகவும் நடுவை மெல்லியதாகவும் இழுக்கிறார்கள். பர்மிங்ஹாமில் ரெனால்ட்ஸ் என்ற ஆணிக் கம்பெனிக்காரர் 1897இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அந்தக் கம்பெனி 1935இல் கொண்டுவந்த 531 என்ற எண் போட்ட குழாயைப் பற்றிப் பழைய சைக்கிள்காரர்கள் இன்றைக்கும் பேசுவார்கள். மலிவு ஃபிரேமில் குழாய் முனைக்கு முனை ஒரே தடிப்பு. பாரம் கூடும், ஆனால் பலம் வேண்டிய இடத்தில் கூடுதல் பலம் இல்லை.

ஒட்டைப் பார்ப்பது எப்படி? தலைப்பக்கம், அதாவது ஹேண்டில் நுழையும் குட்டைக் குழாயில் மேல் பாரும் கீழ் பாரும் வந்து சேரும் இடத்தைப் பாருங்கள். பிறகு பெடல் கூடு. பிறகு பின்சக்கர அச்சு நுழையும் காது. நல்ல வெல்டிங் அடுக்கி வைத்த சில்லறைக் காசு சரிந்து கிடப்பது போல, ஒரே அளவு அலைகளாகப் போகும். குழாயைச் சுற்றி எங்கும் விட்டுப்போகாது. கெட்ட வெல்டிங் ஓரிடத்தில் மெழுகு வழிந்தது போலக் குமிந்து, இன்னோரிடத்தில் மெலிந்து, பக்கத்தில் இரும்புத் தெறிப்புகளோடு இருக்கும். இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது ஒட்டின் கரை. வெல்டிங் முடிந்து குழாய் தொடங்கும் இடத்தில், உருகி அரிக்கப்பட்ட மெல்லிய பள்ளம் ஒன்று ஓடுகிறதா? வெடிப்பு பிறப்பது அங்கேதான். என் சைக்கிளில் அந்தப் பள்ளத்துக்குள் பெயின்ட் நிரம்பியிருந்தது. விரல் நகத்தால் ஓரத்தை நெருடியிருந்தால் வாங்கிய அன்றே தெரிந்திருக்கும்.

பழைய ஃபிரேம்களில் வெல்டிங்கே இல்லை. எங்கள் வீட்டில் அப்பாவின் ராலே இன்னும் இருக்கிறது, நொட்டிங்ஹாமில் செய்தது. அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்த காலத்தில் இரண்டாம் கையாக வாங்கியது. அதில் குழாய்கள் சேரும் இடத்தில் சட்டைக் கை போல ஓர் உறை இருக்கும், லக் என்பார்கள். குழாயை அந்த உறைக்குள் செருகி, பித்தளையை உருக்கி இடுக்கில் ஓட விட்டு ஒட்டுவார்கள். குழாய் இரும்பு உருகுவதில்லை, அதனால் அதன் பலமும் அதிகம் குறைவதில்லை. பாரம் உறை முழுக்கப் பரவும். அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த ஃபிரேமில் ஒரு மயிரிழை வெடிப்பு கிடையாது.

இதைச் சொன்னவுடன் "அதான் சேர், பழசு எல்லாம் தங்கம்" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்பாவின் ராலேயில் கம்பி பிரேக். கட்டை இரண்டும் ரிம்மின் உட்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். ரிம் குரோம் பூசிய இரும்பு. வெயிலில் நிற்கும். நனைந்த குரோமில் ரப்பர் வழுக்கும். காய்ந்த நிலையில் கிடைக்கும் பிடிப்பில் சிறு பங்குதான் மிஞ்சும். மழை நாளில் அப்பா இறக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வருவார். சின்ன வயதில் அவருக்கு ஓட்டப் பயம் என்று நினைத்திருந்தேன். அவர் தன் சைக்கிளைத் தெரிந்தவர். இங்கிலாந்தின் சமதரைக்குச் செய்த வண்டி அது, இருபது கிலோ பாரம். ஃபிரேம் அற்புதம், ஆனால் நம்முடைய மலைக்கு அது பொருத்தமில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

இரும்பா அலுமினியமா என்பது அடுத்த கேள்வி. கடைக்காரர் "அலோய், துருப்பிடிக்காது" என்று தூக்கிக் காட்டுவார். உண்மைதான், துருப்பிடிக்காது. ஆனால் இரும்புக்கும் அலுமினியத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போம் அல்லவா? இரும்புக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே எத்தனை லட்சம் தடவை அசைத்தாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சிறு அசைவும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் நல்ல அலுமினிய ஃபிரேமில் குழாயைப் பருமனாக்கி அசைவையே குறைத்துவிடுவார்கள். அதோடு, ஃபிரேம்களில் அதிகம் காணும் 6061 வகை அலுமினியத்தை ஒட்டினால் ஒட்டின் பக்கம் மெதுமையாகிவிடும். முழு ஃபிரேமையும் அடுப்பில் வைத்துச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் ஏற்றினால்தான் பலம் திரும்பும். அந்த வேலையை ஒழுங்காகச் செய்தார்களா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. தெரிந்த கம்பெனியாக இருந்தால் அலுமினியம் வாங்குங்கள். பெயர் தெரியாத மலிவு என்றால், நம் பாதைக்கு இரும்பே மேல். இரும்பு உடையும் முன் துருக்கோடு போட்டு எச்சரிக்கும், ஹட்டனிலேயே ஒட்டிக்கொள்ளவும் ஆள் இருக்கிறது.

ஐ.எஸ்.ஓ. 4210 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. அதில் ஃபிரேமைப் பிடித்து வைத்து, இரண்டு பெடலிலும் மாறி மாறி ஏறக்குறைய நூறு கிலோ பாரத்தில் ஒரு லட்சம் தடவை மிதிப்பார்கள். அதில் வெடிக்காமல் வந்தால்தான் தேறும். ஸ்டிக்கரிலோ கூட வரும் புத்தகத்திலோ அந்த எண் இருந்தால் நல்லது. சில மலிவு 'மவுன்டன்' சைக்கிள்களில் கீழ் பாரில் சின்ன எழுத்தில் இன்னொரு ஸ்டிக்கர் இருக்கும்: கரடுமுரடான பாதையில் ஓட்ட வேண்டாம் என்று. பார்த்தால் வாசியுங்கள். செய்தவரே தோட்டப் பாதைக்கு உதவாது என்று எழுதித் தந்திருக்கிறார்.

குழாய் நல்ல ரகமா என்று அறிய பாஸ் அண்ணன் சொல்லித் தந்த ஒரு வழியை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. சீட் கம்பியைக் கழற்றுங்கள். அதன் அடியில் ஓர் எண் பொறித்திருக்கும். சாதாரண அளவு இரும்பு ஃபிரேமில் சீட் பைப்பின் வெளி விட்டம் 28.6 மில்லிமீற்றர். கம்பியில் 25.4 என்று இருந்தால், குழாயின் சுவர் 1.6 மில்லிமீற்றர் தடிப்பு, அதாவது சாதாரண இரும்பு. 27.2 என்று இருந்தால் சுவர் முக்கால் மில்லிமீற்றர்கூட இல்லை. அவ்வளவு மெல்லிய சுவரில் நிற்க வேண்டுமென்றால் இரும்பு நல்ல ரகமாக இருந்தாக வேண்டும், குரோமியம் மொலிப்டினம் சேர்ந்த 4130 மாதிரி. ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம், இந்த எண்ணில் ஏமாற்றுவது கஷ்டம்.

கம்பியைக் கழற்றியதுதான் கழற்றினீர்கள், உள்ளே டோர்ச் அடித்தும் பாருங்கள். நம் ஊரில் சைக்கிள் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்துதான் அதிகம் அழியும். சீட் கம்பி ஓரமாக இறங்கும் மழைத் தண்ணீர் நேரே பெடல் கூட்டில் போய்த் தேங்கும். அடியில் ஒரு சின்னத் துளை இருந்தால் வடிந்துவிடும். அந்தத் துளையைச் சேறு அடைத்திருந்தால் குத்தி எடுங்கள். இரண்டாம் கை சைக்கிள் வாங்குபவர்கள் கூட்டின் அடிப்பாகத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கலாம். கணீர் என்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் விட்டுவிடுங்கள்.

இரண்டாம் கையில் இன்னும் ஒன்று. எங்காவது முட்டிய சைக்கிளா என்று கண்டுபிடிக்க, தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால் கீழ் பாரின் அடிப்பக்கத்தைத் தடவுங்கள். முன்னால் மோதியிருந்தால் அந்த இடத்தில் குழாய் சற்றே புடைத்திருக்கும், பெயின்ட் சுருங்கியிருக்கும். ஃபிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கர அச்சின் இடது காதில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய்த் தலைக்குழாயைச் சுற்றி, வலது காதுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் பைப்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் பரவாயில்லை. ஐந்து, ஆறு என்றால் அந்தச் சைக்கிள் எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும், இறக்கத்தில் கையை விட்டுப் பிடுங்கும். நான் இப்போது ஓட்டும் சைக்கிளை வாங்கும்போது பாஸ் அண்ணன் நாலு சைக்கிளுக்கு நூல் பிடித்தார். இரண்டு தேறவில்லை. வெளியில் பார்க்க அந்த இரண்டும்தான் அழகாக இருந்தன.

இனி பிரேக். இதற்குத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தது.

நான், சைக்கிள், புத்தகப் பை எல்லாம் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். 100 மீற்றர் உயரத்திலிருந்து மெதுவாக இறங்கி நின்றால், அந்த இறக்கத்தின் சக்தியில் பெரும்பகுதியை பிரேக்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கணக்குப் போட்டால் அது 78 கிலோஜூல் வருகிறது. ஒரு கோப்பைத் தேநீருக்கு வேண்டிய தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. ஹட்டனிலிருந்து வட்டவளைக்கு இறங்கினால் இரண்டரைக் கோப்பை. இவ்வளவு சூட்டையும் விரல் நீள ரப்பர்க் கட்டை நான்கும் இரண்டு ரிம்மும் ஏற்க வேண்டும். வகுப்பில் சக்திக் காப்பு விதி நடத்தும்போது இந்தக் கணக்கைத்தான் இப்போது போட்டுக் காட்டுகிறேன். பிள்ளைகள் மறப்பதில்லை.

ஆகவே காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். ரிம்மில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு ரிம், வாங்க வேண்டாம். ஒட்டாவிட்டால் அலுமினியம், நனைந்தாலும் அதில் ரப்பர் பிடிக்கும். ஃபிரேமுக்கு இரும்பு நல்லது என்றவன் ரிம்முக்கு அலுமினியம் என்கிறேனே என்று குழம்பாதீர்கள். இரண்டுக்கும் வேலை வேறு. பிறகு லிவரைக் கடைசி வரை இறுக்கிப் பிடித்து, பிரேக்கின் கைகளைப் பாருங்கள். நல்ல பிரேக்கில் கட்டை ரிம்மைத் தொட்டதும் எல்லாம் கல் மாதிரி நின்றுவிடும். மலிவு பிரேக்கில் தகட்டுக் கைகள் முறுக்கிக்கொண்டே போகும், பிளாஸ்டிக் லிவர் வளையும், லிவர் ஹேண்டிலைத் தொடும். நீங்கள் கொடுக்கும் பலம் ரிம்முக்குப் போகாமல் வழியிலேயே கரைகிறது. 1996 அளவில் ஷிமானோ கொண்டுவந்த வி-பிரேக், நேராக நிற்கும் இரண்டு நீளக் கைகளும் மேலே குறுக்கே ஒரு கேபிளும், நம் மலைக்குப் போதும். டிஸ்க் பிரேக் மழையில் இன்னும் நல்லது. ஆனால் கட்டை தேய்ந்தால் கண்டிக்கோ கொழும்புக்கோ போய்த் தேட வேண்டி வந்தால், மாதக்கணக்கில் பிரேக் இல்லாமல் ஓடுவார்கள். கடையில் கேளுங்கள்: "இதுக்குக் கட்ட இருக்கா? எடுத்துக் காட்டுங்க."

ஜப்பானிலிருந்து இரண்டாம் கையாக வரும் சைக்கிள்கள் பலவற்றில் பின் பிரேக் அச்சுப் பக்கத்தில் டப்பாவுக்குள் இருக்கும். மழை அதற்குள் போகாது, அது பெரிய வசதி. ஆனால் நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். வட்டவளை இறக்கத்துக்கு அதை மட்டும் நம்ப மாட்டேன்.

சக்கரத்துக்கு வருகிறேன். என் ஸ்போக் கம்பிகள் ஏன் உடைந்தன? இறுக்கம் போதாததால். தளர்ந்த கம்பி தொய்வாகத்தானே இருக்கும், எப்படி உடையும் என்று நானும் கேட்டேன். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது தரையைத் தொடும் பக்கத்துக் கம்பி கொஞ்சம் தளர்ந்து, மேலே வரும்போது திரும்ப இறுகும். நன்றாக இறுக்கிய சக்கரத்தில் கம்பி ஒருபோதும் முழுதாகத் தளர்வதில்லை. இறுக்கம் குறைந்த சக்கரத்தில் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து நிமிர்கிறது. கிலோமீற்றருக்கு ஏறக்குறைய ஐந்நூறு தடவை. முன்பு சொன்ன மடக்கி ஒடிக்கும் கதைதான். உடைவது பெரும்பாலும் கம்பி அச்சில் வளைந்து கொளுவியிருக்கும் முழங்கையில். வாங்கும்போது இரண்டு இரண்டு கம்பியாகச் சேர்த்துப் பிடித்து நசுக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். ஒன்று வீணைத் தந்தி, ஒன்று கொடிக் கயிறு என்றிருந்தால் ஓட்டத் தொடங்கும் முன்னே பாஸிடம் கொடுத்து இறுக்கிக் கோட்டம் எடுத்துவிடுங்கள். அந்தச் செலவு வீண் போகாது. அப்பாவின் ராலேயில் முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. பாரம் பின்னால்தான் விழுகிறது என்று கணக்குத் தெரிந்தவர்கள் செய்தது. இப்போது பெரும்பாலும் முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கைதான் போடுகிறார்கள். மரக்கறி மூட்டை கட்டப் போகிறவர்கள் பின்சக்கரத்தில் 36க்குக் குறைய வாங்காதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றி அச்சை விரலால் உருட்டிப் பாருங்கள். எண்ணெய்க்குள் உருள்வது போல இருக்க வேண்டும். மணல் அரைபடுவது போல இருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை. கறள் பிடித்த குண்டுகள் கிண்ணத்தைக் குழி போட்டிருக்கும். பின் அச்சில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலக் குண்டு; புதுசு மாற்றச் செலவு சொற்பம். கிண்ணம் குழி விழுந்தால் அச்சையே மாற்ற வேண்டும். புதுச் சைக்கிளிலும் கிரீஸ் போதாமல் வருவதைப் பாஸ் அண்ணன் எனக்குப் பிரித்துக் காட்டியிருக்கிறார். வட்டவளை மழைக்கு வருடத்துக்கு இரண்டு தடவை பிரித்துக் கிரீஸ் வைக்க வேண்டும்.

செயினுக்கும் அடிமட்டம்தான், அங்குலப் பக்கம். ஒரு ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்து 24 ஆணி எண்ணினால் சரியாகப் 12 அங்குலம் வர வேண்டும். 12க்கு மேல் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால் பல்சக்கரமும் சேர்ந்து போய்விடும், செலவு மூன்று மடங்கு.

ஸ்பிரிங் பற்றிச் சுருக்கமாக: மலிவு சைக்கிளில் பின் ஸ்பிரிங் வேண்டவே வேண்டாம். பாரம், ஆட்டம், கூடுதலாக நாலு ஒட்டு. என் ஃபிரேம் வெடித்ததும் அந்த ஆட்டம் வந்து சேரும் இடத்தில்தான். கியர் 21 இருந்தாலும் 6 இருந்தாலும், ஏற்றத்துக்கு உதவுவது மிகச் சிறிய முன்பல்லும் மிகப் பெரிய பின்பல்லும் மட்டும்தான். மற்ற எண்ணிக்கை பெட்டியில் அச்சடிக்க.

இப்போது நான் ஓட்டுவது தொண்ணூறுகளின் கடைசியில் செய்த இரும்பு ஃபிரேம், ஜப்பானிலிருந்து வந்த குவியலில் கிடைத்தது. ஸ்பிரிங் இல்லை. சீட் கம்பியில் 27.2. வி-பிரேக், அலுமினிய ரிம். பெயின்ட் பல இடத்தில் உரிந்திருக்கிறது. முதல் சைக்கிளைவிடக் குறைந்த விலை. மூன்றாவது வருடம் ஓடுகிறது. பிரேக் கட்டை ஐந்து செட் மாற்றியிருக்கிறேன், செயின் இரண்டு. ஸ்போக் ஒன்றும் உடையவில்லை.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு வாங்குவது. அப்பாமார் "வளர்ந்திடுவான்" என்று ஒரு அளவு பெரிதாக வாங்குகிறார்கள். சட்டைக்கு அது சரி. சைக்கிளில் பிள்ளை மேல் பாருக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நிற்க முடிய வேண்டும். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு விரலால் லிவரை எட்டிப் பிடித்து, சக்கரம் நகராமல் நிறுத்த முடிய வேண்டும். பிள்ளையின் கையால், உங்கள் கையால் இல்லை. கடை வாசலில் சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்காதீர்கள். சின்ன இறக்கம் ஒன்றுக்கு உருட்டிக்கொண்டு போய், பிள்ளையை உட்கார வைத்து, நீங்கள் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பிரேக்கை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். ரிம்மில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றிவிட்டு இன்னொரு தடவை. நின்றால் வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஹட்டனில் வாங்குகிறவர்கள் போகும் நாளைச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு என்றால் நானும் வருகிறேன். நூலும் காந்தமும் அடிமட்டமும் என் பையிலேயே இருக்கின்றன.